ஓவர்கிளாக் செய்வது எப்படி: முதலில் ராம், பிறகு பிராசசர்

ஓவர்கிளாக் (தொழிற்சாலை வைத்த வேகத்தைத் தாண்டி ஓடவைப்பது) என்றதும் பலரும் நேராகப் பிராசசரின் வேகத்தை நிர்ணயிக்கும் மல்டிபிளையரில்தான் கை வைக்கிறார்கள். இன்றைய பிராசசர்களில் அங்கே மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். ரைசன் 9 7950எக்ஸ் ஒற்றைக் கோர் வேலையில் தானாகவே 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகிறது. அதை எல்லாக் கோரிலும் 5.2 என்று பூட்டிவைத்தால் ரெண்டரிங் கொஞ்சம் வேகமாகும், கேம் மெதுவாகும். இப்போது உருப்படியாகச் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, அதே வேகத்தைக் குறைந்த வோல்டேஜில் ஓடவைப்பது; சூடு குறையும், மிஞ்சிய இடத்தில் பூஸ்ட் (பிராசசர் தானே கூட்டிக்கொள்ளும் வேகம்) தானாக ஏறும். இன்னொன்று, ராமின் டைமிங்கை, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் ராம் எடுக்கும் கடிகாரச் சுற்றுகளின் எண்ணிக்கையை, இறுக்குவது.

வரிசையும் முக்கியம். ராமில் பிழை இருக்கும்போது பிராசசர் சோதனையும் தோற்கும், குற்றவாளி யார் என்றே தெரியாது. போதாக்குறைக்கு, பிராசசர் தடுமாறினால் பெரும்பாலும் நீலத்திரையோ ரீஸ்டார்ட்டோ வந்து காட்டிக்கொடுத்துவிடும். ராம் தடுமாறினால் சத்தமில்லாமல் ஒரு பிட் மாறி, அப்படியே டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும். கணினி ஓடிக்கொண்டே இருக்கும், ஃபைல்கள் கெட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் ராம் முதலில்.

கீழே உள்ள எண்கள் ஏஎம்5 (ஏஎம்டி ரைசன் 7000 முதலான பிராசசர்களுக்கான சாக்கெட்) போர்டு, டிடிஆர்5 ராம் கொண்ட கணினிக்கு. இன்டெலில் மாறுபவற்றைப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கை வைப்பதற்கு முன்

உங்கள் பிராசசரும் போர்டும் இதற்கு இடம் கொடுக்குமா என்று பாருங்கள். ஏஎம்5-இல் ஏ620 சிப்செட் போர்டில் பிராசசர் ஓவர்கிளாக் கிடையாது. பி650, எக்ஸ்670, பி850, எக்ஸ்870 எல்லாவற்றிலும் உண்டு. 7800எக்ஸ்3டி-யில் மல்டிபிளையர் பூட்டப்பட்டிருக்கும், ஆனால் வோல்டேஜைக் கீழே இழுக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் திறந்திருக்கும். 9800எக்ஸ்3டி முழுவதும் திறந்தது. இன்டெலில் பெயரின் கடைசியில் கே எழுத்தும், இசட் வரிசை போர்டும் வேண்டும். பி560 முதல் வந்த பி வரிசை போர்டுகளில் ராமை மட்டும் ஓவர்கிளாக் செய்யலாம்.

அடுத்து பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட். இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. 2023-இல் ஏஎம்5 போர்டுகளில் எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசசருக்குள் ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்கானது) அளவுமீறி ஏறி எக்ஸ்3டி பிராசசர்கள் கருகின. அதன் பிறகுதான் ஏஎம்டி அந்த வோல்டேஜுக்கு 1.30 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு முந்தைய பயாஸில் எக்ஸ்போவை (ராமில் பதிந்தே வரும் ஓவர்கிளாக் புரொஃபைலை) ஆன் செய்வதே ஆபத்து.

சிமாஸ் கிளியர் செய்யும் (பயாஸ் செட்டிங்குகளைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவரும்) ஜம்பர் அல்லது பட்டன் போர்டில் எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்துவையுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் போர்டுகளும் உண்டு. விண்டோஸில் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ரெக்கவரி கீயை வேறொரு இடத்தில் எழுதிவையுங்கள். சிமாஸ் கிளியர் ஆனதும் விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்கும். இல்லையென்றால் டிரைவைத் திறக்க வழியில்லை. முக்கியமான ஃபைல்களுக்கு பேக்கப் இல்லாமல் ராமைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக, எதையும் மாற்றாத நிலையில் ஒரு அளவு எடுங்கள். அளவீடுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்துவைத்து, பிராசசர் வேகத்தைச் சோதிக்கும் சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஸ்கோர், வெப்பநிலை, மொத்த வாட், கோர் வோல்டேஜ் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். 7950எக்ஸ் மாதிரி பிராசசர் 95 டிகிரியைத் தொடுவது கோளாறு அல்ல, அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. ஆனால் 88 வாட்டில் ஓடும் பிராசசரே 95-ஐத் தொட்டால் கூலரைக் கழற்றிப் பாருங்கள். அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே மாட்டியிருப்பது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது.

ராம்: வேகமும் வோல்டேஜும்

இரண்டு ஸ்டிக் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்டுங்கள். நான்கு ஸ்டிக் மாட்டினால் ஓவர்கிளாக் ஆசையைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்: ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகமே இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு 3600.

பயாஸில் எக்ஸ்போவை ஆன் செய்து சேவ் செய்யுங்கள். முதல் பூட்டில் திரை கறுப்பாகவே சில நிமிடம் இருக்கும். ராம் டிரெய்னிங் (ராமுக்கு ஏற்றபடி கணினி தன்னைச் சரிசெய்துகொள்வது) நடக்கிறது. பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்தினால் முதலிலிருந்து தொடங்கும்.

வேகத்துக்கு 6000 நல்ல இடம். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தரவு போவதால், அதில் ராமின் கடிகாரம் 3000 மெகாஹெர்ட்ஸ். மெமரி கன்ட்ரோலரும் அதே 3000-இல் ஓடும். சில பிராசசர்கள் 6200, இன்னும் அதிர்ஷ்டம் இருந்தால் 6400 வரை இந்த ஒன்றுக்கு ஒன்று கணக்கில் ஓடும். அதைத் தாண்டினால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். பெட்டியில் 7200 என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கி, பாதி வேகக் கன்ட்ரோலரோடு ஓட்டுவதைவிட 6000 சிஎல்30 (சிஎல் என்பது கேட்ட தரவை ராம் தரத் தொடங்கும்வரை ஆகும் சுற்றுகள்) பெரும்பாலான வேலைகளுக்கு நல்லது. தாமதத்தைக் கணக்கிடச் சூத்திரம் எளிது: சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி ராம் வேகத்தால் வகுத்தால் நானோவினாடி வரும். 6000-இல் சிஎல்36 என்றால் 12, சிஎல்30 என்றால் 10.

எக்ஸ்போ போட்டதும் எஸ்ஓசி வோல்டேஜைப் பாருங்கள். பல போர்டுகள் தாமாகவே 1.30-ஐ ஒட்டிக் கொண்டுபோய் வைக்கும். 6000-க்கு அவ்வளவு தேவைப்படுவது அரிது. 1.25-இல் தொடங்கி 0.02 வோல்ட் படிகளாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் சோதியுங்கள். பல பிராசசர்கள் 1.20-க்குக் கீழேயும் தாங்கும். பிழை வந்த இடத்திலிருந்து இரண்டு படி மேலே நிறுத்துங்கள். எஸ்ஓசி தின்னும் வாட்டும் பிராசசரின் மொத்தப் பவர் வரம்பிலிருந்தே கழிகிறது, ஆகவே இங்கே மிச்சம் பிடிப்பது கோர்களுக்குப் போகும்.

ராம் ஸ்டிக்கின் வோல்டேஜ் டிடிஆர்5-க்கு அடிப்படையில் 1.10. எக்ஸ்போ கிட்டுகள் 1.35 அல்லது 1.40 கேட்கும். 1.40 வரை சாதாரணக் காற்றோட்டம் போதும். அதற்கு மேல் போவதென்றால் ஸ்டிக்குகள் மீது நேராக ஒரு ஃபேன் வேண்டும்.

எஃப்கிளாக்கை (பிராசசரின் உள் பகுதிகளை இணைக்கும் பாதையின் வேகத்தை) 2000-இல் வைத்துவிட்டு எல்லாம் முடிந்த பிறகு 2100, 2133 என்று ஏற்றிப் பாருங்கள். இதில் ஒரு பொறி உண்டு. எஃப்கிளாக் தாங்காதபோது உடனே கிராஷ் ஆகாது. பிழையைத் திருத்தி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும், வேகம்தான் குறையும். லின்பேக் என்ற சோதனையைத் தொடர்ச்சியாகச் சில சுற்று ஓடவிட்டு ஸ்கோரைப் பாருங்கள். வெப்பநிலை நிலையாக இருந்தும் சுற்றுக்குச் சுற்று எண் ஆடினால் எஃப்கிளாக்கை ஒரு படி இறக்குங்கள்.

உண்மையான ஆதாயம் இருக்கும் இடம்

சிஎல்லை 30-இலிருந்து 28 ஆக்கத்தான் எல்லோரும் மல்லுக்கட்டுவார்கள். அதைவிடப் பலன் தருவது எக்ஸ்போ பெரும்பாலும் இறுக்காமல் விட்டுவைக்கும் இரண்டு எண்கள்: டிஆர்எஃப்சி, டிஆர்இஎஃப்ஐ.

ராமின் செல்களில் இருக்கும் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். எத்தனை கடிகாரச் சுற்றுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்பது டிஆர்இஎஃப்ஐ. ஒருமுறை புதுப்பிக்க எத்தனை சுற்று ஆகும் என்பது டிஆர்எஃப்சி. அந்த நேரத்தில் ராம் எதையும் தராது. 6000 வேகத்தில் 16 கிகாபிட் சிப்புகளுக்கு வழக்கமான அளவு டிஆர்இஎஃப்ஐ 11700, டிஆர்எஃப்சி 885 சுற்று. அதாவது மொத்த நேரத்தில் ஏழரை சதவீதம் ராம் புதுப்பிப்பதிலேயே போகிறது. டிஆர்எஃப்சியை 480 ஆகவும் டிஆர்இஎஃப்ஐயை 50000 ஆகவும் மாற்றினால் அது ஒரு சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். வோல்டேஜில் ஒரு மில்லிவோல்ட்கூட ஏற்றாமல் கிடைக்கும் லாபம் இது.

480 என்பது 160 நானோவினாடி. ஹைனிக்ஸ் நிறுவனத்தின் எம்-டை ரகச் சிப்புகளுக்குப் பொருந்தும். அதே நிறுவனத்தின் ஏ-டை ரகம் என்றால் 120 முதல் 130 நானோவினாடி, அதாவது 360 முதல் 390 சுற்று வரை இறங்கும். சாம்சங், மைக்ரான் சிப்புகளுக்கு இதைவிடக் கூடுதலாக விட வேண்டும்; 600-இல் தொடங்கி இறக்குங்கள். டிஆர்எஃப்சி மிகக் குறைந்தால் பெரும்பாலும் பூட்டே ஆகாது, எனவே எல்லையைக் கண்டுபிடிப்பது எளிது.

டிஆர்இஎஃப்ஐ அப்படியல்ல. அது ஏமாற்றும். பூட் ஆகும், அரைமணி நேரச் சோதனையிலும் தேறும், கேம் தொடங்கி ஒரு மணி நேரத்தில் கவிழ்க்கும். காரணம் வெப்பம்: சூடு ஏற ஏற மின்னூட்டம் வேகமாகக் கசியும். டிடிஆர்5 தரநிலையே 85 டிகிரிக்கு மேல் போனால் இருமடங்கு அடிக்கடி புதுப்பிக்கச் சொல்கிறது. நீங்களோ இடைவெளியை நான்கு மடங்குக்கு மேல் நீட்டியிருக்கிறீர்கள். 45 டிகிரியில் தேறியது 60-இல் தோற்பதில் வியப்பில்லை. கிராஃபிக்ஸ் கார்டு கக்கும் சூடான காற்று நேராக ராம் பக்கம்தான் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே கடைசிச் சோதனையைக் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் பளு கொடுத்துக்கொண்டே ஓடவிட வேண்டும். ஸ்டிக்கிலேயே வெப்ப சென்சார் இருக்கிறது, ஹெச்டபிள்யூஇன்ஃபோ காட்டும். ஃபேன் போடாமல் 55-ஐத் தாண்டினால் டிஆர்இஎஃப்ஐயை 32000 அளவுக்கு இறக்கிவிடுவது நிம்மதி. 65535 உச்சம், 50000-இலிருந்து அங்கே போவதில் கிடைப்பது சொற்பம்.

மற்ற டைமிங்குகளில் டிஆர்ஆர்டி-எஸ் 8, டிஆர்ஆர்டி-எல் 12, டிஎஃப்ஏடபிள்யூ 32, டிடபிள்யூஆர் 48 ஆகியவை 6000 வேகத்தில் பெரும்பாலான ஹைனிக்ஸ் ஸ்டிக்குகள் முணுமுணுக்காமல் ஏற்பவை. டிஎஃப்ஏடபிள்யூவை டிஆர்ஆர்டி-எஸ்ஸின் நான்கு மடங்குக்குக் கீழே இறக்கினாலும் பலன் இருக்காது.

ராம் சோதனை

முதல் சோதனையை விண்டோஸுக்குள் செய்யாதீர்கள். மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். பிழை இருந்தாலும் டிஸ்க்கில் எதுவும் கெடாது. ஆனால் அது மென்மையான சோதனை. அதில் தேறியது நுழைவுச்சீட்டு மட்டுமே. அடுத்து விண்டோஸில் டெஸ்ட்மெம்5-ஐ எக்ஸ்ட்ரீம் கான்ஃபிகோடு மூன்று சுற்று, அல்லது கர்ஹு ராம் டெஸ்ட்டை ராத்திரி முழுக்க. அதன்பின் ஒய்-கிரஞ்சரில் விடி3 சோதனை இரண்டு மணி நேரம். கன்ட்ரோலரையும் எஃப்கிளாக்கையும் இது நன்றாகப் பிழியும்.

ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். "ஒன்றுதானே" என்று விட முடியாது. டிடிஆர்5 சிப்புகளுக்குள் பிழை திருத்தும் வசதி இருக்கிறது என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அது சிப்புக்குள் இருக்கும் பிட்டுகளுக்கு மட்டும். சிப்பிலிருந்து பிராசசருக்குப் போகும் வழியில் நேரும் பிழையை அது பார்ப்பதே இல்லை. அதையும் மீறி ஒரு பிழை வெளியே தெரிகிறது என்றால் உள்ளே நிலைமை அதைவிட மோசம் என்று பொருள்.

பிழை எப்போது வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கும். தொடங்கிய சில நிமிடத்தில் கொத்தாக வந்தால் பெரும்பாலும் சிஎல் போன்ற முதன்மை டைமிங்கோ ராம் வோல்டேஜ் பற்றாக்குறையோ. ஸ்டிக் சூடேறிய பிறகு ஒன்றிரண்டாக வந்தால் டிஆர்இஎஃப்ஐ. பிழையே காட்டாமல் அப்படியே ஹேங் ஆனாலோ ரீஸ்டார்ட் ஆனாலோ எஸ்ஓசி வோல்டேஜையும் எஃப்கிளாக்கையும் சந்தேகப்படுங்கள்.

எல்லாம் தேறிய பிறகு கணினியை அணைத்து, சுவரில் இருக்கும் ஸ்விட்சையும் அணைத்து, சில மணி நேரம் கழித்து மறுபடி ஆன் செய்து சோதனையைச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். குளிர்ந்த நிலையில் டிரெய்னிங் வேறு மாதிரி அமையலாம். பூட் நேரத்தைக் குறைக்க மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோரை (முந்தைய டிரெய்னிங் முடிவையே மறுபடி பயன்படுத்துவதை) ஆன் செய்பவர்கள் பவர் டவுன் எனேபிளையும் ஆனிலேயே விடுங்கள். முதலாவது ஆன், இரண்டாவது ஆஃப் என்ற கூட்டணி காரணம் தெரியாத நீலத்திரைகளுக்குப் பேர்போனது.

பிராசசர்

மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் பெருகும். வோல்டேஜை 1.20-இலிருந்து 1.32-க்கு ஏற்றி 4 சதவீத வேகம் வாங்கினால், வாட் சுமார் 26 சதவீதம் கூடும். சூடு ஏறினால் கசிவு மின்னோட்டம் வேறு சேரும். இதே கணக்கு இறங்கும் பக்கமும் வேலை செய்யும் என்பதுதான் கர்வ் ஆப்டிமைசரின் அடிப்படை: ஒவ்வொரு வேகத்துக்கும் தொழிற்சாலை நிர்ணயித்த வோல்டேஜை, ஒரு எண்ணுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட் என்று கீழே இழுப்பது.

பயாஸில் பிபிஓவை (ஏஎம்டி பிராசசரின் பூஸ்ட் வரம்புகளை மாற்றும் அமைப்பை) அட்வான்ஸ்டு ஆக்கி, கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் நெகட்டிவ் 15 போடுங்கள். சினிபெஞ்ச் ஓட்டி முதல் அளவோடு ஒப்பிடுங்கள். ஸ்கோர் ஏறி வெப்பம் குறைந்திருக்க வேண்டும். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரியைப் பாருங்கள். முழுப் பளுவில் சாதாரணக் கிளாக் 5.2 என்றும் எஃபெக்டிவ் 5.0 என்றும் இருந்தால், வோல்டேஜ் போதாமல் பிராசசர் கிளாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. காட்டும் வேகம் பொய்.

இனி கோர் கோராகப் போக வேண்டும், ஏனென்றால் எல்லாக் கோரும் ஒரே தரம் அல்ல. இங்கே பலர் வழுக்கி விழுகிறார்கள். நெகட்டிவ் 30 போட்டு பிரைம்95 பல மணி நேரம் ஓடுகிறது, சரி என்று முடித்துவிடுகிறார்கள். பிறகு பிரௌசர் திறந்திருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகிறது. முழுப் பளுவில் வேகம் கீழே இருக்கும், வோல்டேஜுக்கு இடம் இருக்கும். ஒற்றைக் கோர் உச்ச பூஸ்டில் துள்ளும்போதுதான் விளிம்பு தெரியும். அதனால் கோர்சைக்ளர் கருவியால் ஒவ்வொரு கோரையும் தனியாகச் சோதியுங்கள். ஒரு கோருக்குக் குறைந்தது அரைமணி. முடிந்தால் ஒரு மணி நேரம். ஒரு எட்டுக் கோர் பிராசசரில் எல்லாம் நெகட்டிவ் 25-இல் தொடங்கி, கோர் 3 தோற்றால் அதை மட்டும் 20 ஆக்குங்கள், மறுபடி தோற்றால் 15. மற்றவற்றைத் தொட வேண்டாம். சிறந்த கோர் என்று பிராசசரே குறித்திருக்கும் இரண்டும் பெரும்பாலும் குறைவாகவே இறங்கும். அவற்றின் வோல்டேஜ் தொழிற்சாலையிலேயே இறுக்கி வைக்கப்பட்டது.

பவர் வரம்பைப் பொறுத்தவரை, ஏஎம்5-இல் 65 வாட் பிராசசரின் பிபிடி (அது இழுக்கக்கூடிய உச்ச வாட்) 88, 105 வாட்டுக்கு 142, 120 வாட்டுக்கு 162, 170 வாட்டுக்கு 230. 65 வாட் பிராசசரை 142-க்கு ஏற்றினால் பலன் கண்கூடாகத் தெரியும். 170 வாட் பிராசசரில் ஏற்றினால் சூடுதான் மிச்சம். அங்கே பிபிடியை 142-க்கு இறக்குவதே எங்கள் பரிந்துரை, இழப்பு சிறியது. பிளாட்ஃபார்ம் தெர்மல் த்ராட்டில் லிமிட்டை 85 என்று வைத்தால் கூலரின் இரைச்சலும் அடங்கும். 7800எக்ஸ்3டி-யின் வரம்பு ஏற்கெனவே 89 டிகிரிதான். பிபிஓவில் இருக்கும் ஸ்கேலர் என்ற அமைப்பைத் தொட வேண்டாம். பூஸ்ட் ஓவர்ரைடில் 200 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்றலாம். ஆனால் ஏற்றினால் கர்வ் சோதனை முழுவதையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பழைய எண்கள் அந்த வேகத்துக்குச் செல்லாது.

ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ-லாகரைத் (வன்பொருள் பிழைப் பதிவை) தேடுங்கள். எண் 18 என்று பதிவாகியிருந்தால் அதில் ஏபிஐசி ஐடி (பிழை நேர்ந்த த்ரெட்டின் எண்) இருக்கும். எட்டுக் கோர் பிராசசரில் அதை இரண்டால் வகுத்து மீதியை விட்டுவிட்டால் எந்தக் கோர் என்று தெரியும்: 6, 7 என்றால் கோர் 3.

இன்டெலில் மாறுபவை

13, 14-ஆம் தலைமுறை என்றால் முதலில் மைக்ரோகோடு (பயாஸோடு வரும், பிராசசருக்கான உள் நிரல்). அளவுமீறிய வோல்டேஜால் இந்தப் பிராசசர்கள் நிரந்தரமாகத் தேய்ந்தன. 2024 செப்டம்பரில் வந்த 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோடு இல்லாத பயாஸில் எதையும் தொடாதீர்கள். பவர் வரம்பை இன்டெலின் அளவிலேயே வையுங்கள்: 14900கே-க்கு 253 வாட், 307 ஆம்பியர். பிறகு அடாப்டிவ் மோடில் வோல்டேஜ் ஆஃப்செட்டை 25 மில்லிவோல்ட் படிகளாக இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் ஸ்கோரைப் பாருங்கள்: வெப்பம் குறைந்து ஸ்கோரும் விழுந்தால் வோல்டேஜ் குறைவைக் கண்காணிக்கும் சிஇபி என்ற பாதுகாப்பு குறுக்கிட்டு கிளாக்கை நீட்டுகிறது, ஒரு படி பின்வாங்குங்கள்.

எல்எல்சி என்பது பளு ஏறும்போது வோல்டேஜ் இறங்குவதை எவ்வளவு தடுப்பது என்ற அமைப்பு. இறங்கவே கூடாது என்று உச்சத்தில் வைத்தால், பளு சட்டென்று விலகும் நொடிப்பொழுதில் வோல்டேஜ் எகிறும். மென்பொருளில் அது தெரியாது, பிராசசருக்குத் தெரியும். நடுவில் வையுங்கள். எண்ணிக்கையில் கவனம்: அசுஸ் போர்டில் எண் கூடக்கூட இறுக்கம்; எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக்கில் எண் 1-தான் மிக இறுக்கம். ஒரு போர்டுக்குச் சொன்னதை இன்னொன்றில் அப்படியே போட்டுத் தொலைத்தவர்கள் உண்டு.

ராமில் இன்டெல் டிடிஆர்5-ஐ வழக்கமாக கியர் 2-இல் ஓட்டுகிறது, அதாவது கன்ட்ரோலர் பாதி வேகம். அதனால் 6000-இல் நிற்கும் சுவர் இங்கே இல்லை. 7200, அதற்கு மேலும் போகலாம். ஆனால் அங்கே போர்டின் தரம்தான் தீர்மானிக்கும், இரண்டு ஸ்லாட் போர்டுகளுக்கு இதில் தெளிவான முன்னிலை உண்டு. டிஆர்எஃப்சி, டிஆர்இஎஃப்ஐ கணக்கு இங்கும் அதேதான்.

சேவ் செய்யும்போது

எண்கள் எல்லாவற்றையும் பயாஸ் புரொஃபைலில் மட்டும் வைக்காமல் ஸ்கிரீன்ஷாட்டாகவும் எடுத்து பென் டிரைவில் வையுங்கள். பெரும்பாலான போர்டுகளில் எஃப்12 அழுத்தினால் போதும். பயாஸை அப்டேட் செய்தால் புரொஃபைல்கள் பெரும்பாலும் அழிந்துவிடும். அழியாமல் இருந்தாலும் பழைய பதிப்பின் புரொஃபைலைப் புதிய பதிப்பில் லோடு செய்யாதீர்கள். செட்டிங்குகளின் இடம் மாறியிருந்தால் தவறான பெட்டியில் தவறான எண் போய் உட்காரும். கையாலேயே ஒவ்வொன்றாகப் போட்டு, ராம் சோதனையை மெம்டெஸ்ட்86-இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.